அங்கே போயும் அதைப் பார்க்கலையா?

என் சகலையின் பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருஷம் ஆகிறது. பிரான்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் பாண்டிச்சேரிப் பக்கம் கையைக் காட்டுவார். இருந்தாலும் தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான் எதைப் பார்க்காமல் திரும்பினேன் என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். போன வாரம் ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில், என் இலையில் ரசம் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், நாலு இலை தள்ளி உட்கார்ந்தபடி கேட்டார்:

"பாதிராக் பள்ளம் பாத்தீங்கள்ல?"

"இல்ல."

கையில் எடுத்த அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். "பாக்கலையா? அவ்வளவு தூரம் போயுமா? அப்ப போனதே வேஸ்ட் சகல." அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். பக்கத்து இலைக்காரர் பக்கம் திரும்பி, "பாதிராக் பாக்கலையாம்" என்றார். அந்த மனிதர் யாரென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பாதிராக் என்பது ஊரா, ஆளா, பலகாரமா என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் பாயசத்தை நிறுத்திவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஒருவன் எதையோ பார்க்காமல் வந்துவிட்டான் என்ற செய்தியே போதும், எதை என்ற விவரமெல்லாம் நம்மவர்களுக்குத் தேவையில்லை.

அன்றைக்கு வாயில் ரசம் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. எழுதியே சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பாதிராக் போகாததற்கு எனக்குத் தகுந்த காரணம் இருந்தது. அது அந்தப் பள்ளத்தாக்கின் நிலவரத்திலேயே இருப்பதால் அந்த நிலவரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்காமல் சொன்னால் காரணம் எடுபடாது.

பாதிராக் பற்றி ஒன்றும் தெரியாமல் கோட்டைவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தரையில் 35 மீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கும் பள்ளம் அது. ஆழம் 75 மீட்டர். 1889-ல் மார்தெல் என்ற குகை ஆராய்ச்சிக்காரர் உள்ளே இறங்கி, அடியில் ஓர் ஆறு ஓடுவதைக் கண்டார். இப்போது இறங்க லிஃப்ட் இருக்கிறது. கீழே படகில் உட்காரவைத்து அந்த நிலத்தடி ஆற்றில் கூட்டிப்போகிறார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். சகலைக்குத் தெரிந்தது யூடியூபில் ஒரு பையன் மூச்சிரைக்கச் சொன்னது மட்டும்.

எங்களைக் கூட்டிப்போனவன் என் அக்கா பையன். பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். 500 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே காரோட்டி, சார்லா என்ற பழைய ஊரில் வீடெடுத்து, மாமாவுக்கும் அத்தைக்கும் அந்த ஆற்றங்கரையைக் காட்ட வேண்டுமென்று அவனுக்கு ஆசை. தங்கமான பையன்தான். ஆனால் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். ஓர் இடத்தைப் பார்த்து முடித்ததும் அதற்கு நேரே பச்சை டிக் விழும். விழும்போது 'டிங்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் நாங்கள் எழுந்துவிட வேண்டும். என் மனைவி ஒரு கல்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள், டிங். நான் ஒரு கல்வெட்டுக்கு மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டிருப்பேன், டிங். "மாமா, லஞ்சுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு கவர் பண்ணிடலாம்" என்பான்.

கவர் பண்ணுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். என் புகார் வேறு. அந்தப் பள்ளத்தாக்கில் எதைப் பார்க்கப் போகிறோமோ, அது அங்கே போனால் தெரிவதில்லை.

முதலில் பேனாக் கோட்டை. ஆற்றின் வலது கரையில், தண்ணீருக்கு மேலே ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. கீழே சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, ஆனால் அழகு. சரி, இவ்வளவு அழகானதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமென்று காரை நிறுத்த இடம் தேடி, நிறுத்தியதற்குக் காசு போட்டு, கல் பாவிய சந்துகளில் ஏறினோம். அந்தச் சந்துகளைப் படியென்றும் சொல்ல முடியாது, சுவரென்றும் சொல்ல முடியாது. டிக்கெட் வாங்கி, இருட்டு மாடிப்படிகளில் தடவித் தடவி உச்சிக்குப் போய் மூச்சு வாங்கியபடி பார்த்தால், கோட்டையைக் காணவில்லை. அதன் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறோம், எப்படித் தெரியும்? தெரிவது எதிர்க்கரையில் இருக்கும் காஸ்தல்நோ கோட்டை. எல்லோரும் அதைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். "என்னங்க, அது நல்லாருக்குங்க, அங்க போலாமா" என்றாள் மனைவி. டிங்.

காஸ்தல்நோவுக்குப் போனோம். அங்கேயும் பார்க்கிங், அங்கேயும் மலையேற்றம், அங்கேயும் டிக்கெட். உள்ளே பழங்காலப் போர்க் கருவிகளின் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். வாள், கவசம், குறுக்குவில் எல்லாம் உண்டு. வெளியே கொத்தளத்தில், பாறாங்கல்லைத் தூக்கி வீசும் பிரம்மாண்டமான மரக் கவண்களை முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றைத் தாண்டி மதிலோரம் வந்து நின்றால் எது தெரிகிறது? பேனாக். காலையில் நாங்கள் நின்றிருந்த அதே கோபுரத்தில் இப்போது வேறு யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னா மார்கெசாக்தான் பெஸ்ட்" என்றான் பையன்.

மார்கெசாக் ஒரு தோட்டம். நீண்ட பாறை முகட்டின் மேல் 1,50,000 பாக்ஸ்வுட் செடிகள். இயந்திரமே தொடாமல் கையால் வெட்டி, உருண்டை உருண்டையாகத் திரட்டிவைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தோட்டங்களில் மயங்கிய ஒரு நிலக்கிழார் ஆரம்பித்த பைத்தியம் அது. அவ்வளவு செடியையும் கத்தரித்தவர்களுக்காவது ஒரு நிமிஷம் நின்று பார்க்கும் மரியாதையைச் செய்திருக்க வேண்டும். யார் நிற்கிறார்கள்? எல்லோரும் செடிகளின் நடுவே வேகவேகமாக நடந்து முகட்டின் நுனிக்குப் போகிறார்கள். அங்கே வியூ பாயிண்ட். ஆற்றுக்கு 130 மீட்டர் மேலே. அங்கிருந்து பேனாக் தெரிகிறது, காஸ்தல்நோ தெரிகிறது, பாறையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் லா ரோக்-கஜாக் கிராமம் தெரிகிறது. மார்கெசாக் மட்டும் தெரியவில்லை.

"மார்கெசாக்க எங்கருந்துடா பாக்கணும்?"

"காஸ்தல்நோலேர்ந்து சூப்பரா தெரிஞ்சுதே மாமா, கவனிக்கலையா?"

எப்படிக் கவனிப்பேன்? அங்கே நின்றபோது பேனாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லா ரோக்-கஜாக் இன்னும் மோசம். பொன்னிறப் பாறையின் காலடியில், தெற்கே வெயிலைப் பார்த்தபடி ஒரே வரிசையில் வீடுகள். பிரான்ஸின் மிக அழகான கிராமங்கள் என்று 1982-ல் ஆரம்பித்த ஒரு சங்கத்தின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. ஊருக்குள் போனால் ஓட்டல்களின் மெனு பலகையும் வரிசை வரிசையாகக் காரும்தான் தெரிகின்றன. கிராமத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிராமத்தை விட்டு வெளியேற வேண்டும். அதற்கும் வசதி செய்திருக்கிறார்கள். கபார் என்ற தட்டையடிப் படகில் ஏற்றி நடு ஆற்றுக்குக் கொண்டுபோய், "இதோ பாருங்கள், நீங்கள் நின்றிருந்த இடம்" என்று காட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் படகுகள் மலையிலிருந்து பீப்பாய் செய்யும் மரத்தை ஏற்றிக்கொண்டு ஆற்றோடு கீழே போகும். சரக்கை இறக்கியதும் படகையே உடைத்து விறகுக்கு விற்றுவிட்டு, படகோட்டி நடந்தே ஊர் திரும்புவானாம். இப்போது உடைப்பதில்லை, அதே கரையில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அதற்கும் டிக்கெட்.

(அந்தப் பாறையடிச் சூட்டில் வாழைமரம் வளர்கிறது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்துபோய் என் மனைவி அதிக நேரம் நின்று பார்த்தது அந்த வாழைமரத்தைத்தான். "குலை தள்ளல பாருங்க" என்று வருத்தப்பட்டாள்.)

தோம் என்று இன்னொரு ஊர். 1281-ல் மூன்றாம் பிலிப் மன்னன் குன்றின் தலையில் கட்டிய கோட்டை நகரம். டெம்ப்ளர் வீரர்களைப் பிடித்து அதன் வாயிற்கோபுரத்தில் அடைத்துவைத்தார்கள், அவர்கள் சுவரில் சிலுவையும் உருவங்களும் கீறிவைத்தார்கள். பாவம், அவர்களுக்குத்தான் வியூ பாயிண்ட் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் குன்றின் விளிம்பில் பெரிய கைப்பிடிச் சுவர் கட்டியிருக்கிறது. சாய்ந்துகொண்டு ஆறு, வயல், வால்நட் தோப்பு எல்லாம் பார்க்கலாம், தோம் நீங்கலாக.

இதைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க வரலாறே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர் 1337-ல் ஆரம்பித்து 1453-ல் முடிந்தது. ஏன் நடந்தது என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் வாரிசுரிமை என்பார்கள், அக்கித்தேன் மாகாணம் என்பார்கள், கம்பளி வியாபாரம் என்பார்கள். பேனாக் பிரெஞ்சுப் பக்கம் இருந்தது, எதிர்க்கரைக் காஸ்தல்நோ பெரும்பாலும் இங்கிலாந்துப் பக்கம் இருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் வீட்டை ஒருவர் கண்காணிக்கும் கிழவிகள் மாதிரி, இரண்டு கோட்டைகளும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. பேனாக் பிரபு காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் காஸ்தல்நோ. சாயங்காலம் மூடினால் காஸ்தல்நோ. எதிரியின் கோட்டையில் எத்தனை கல், எந்தக் கல்லில் எத்தனை விரிசல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் கோட்டை எப்படி இருக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? யாராவது வந்து "பிரபுவே, தங்கள் கோட்டை பிரமாதமாக இருக்கிறது" என்று சொன்னால், "எங்கிருந்து பார்த்தாய்?" என்று கேட்பாரா மாட்டாரா? "காஸ்தல்நோவிலிருந்து" என்று பதில் வந்தால் ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? தன் வீட்டைத் தானே ஒரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்தவன் வீட்டைப் பிடிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

பிடித்தார்கள். காஸ்தல்நோ பலமுறை கைமாறியது. பிடித்தவன் மதில்மேல் ஏறி நின்று தன் பழைய கோட்டையை ஆசைதீரப் பார்த்திருப்பான். ஆனால் இப்போது காஸ்தல்நோ அவனுடையதாகிவிட்டதே! அது எப்படி இருக்கிறது என்று பார்க்க மறுபடி பேனாக்குக்கு ஓட வேண்டும். இப்படி ஓடிக்கொண்டிருந்தால் போர் நூறு வருஷம் நடக்காமல் என்ன செய்யும்? 1442-ல் பிரெஞ்சு மன்னன் ஏழாம் சார்லஸின் ஆட்கள் காஸ்தல்நோவைக் கடைசியாகப் பிடித்த பிறகு இரண்டு கரையும் ஒரே கட்சியாகிவிட்டன. பதினொரு வருஷம் கழித்து இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், காஸ்தியோனில், கடைசிப் பெரிய சண்டையும் முடிந்தது. அதற்கப்புறம் யாரும் எந்தப் பக்கமும் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. அந்த உரிமைக்குத்தான் இன்றைக்கு வாசலில் டிக்கெட் கொடுக்கிறார்கள்.

டிக்கெட் விஷயத்திலும் அநியாயம் நடக்கிறது. பேனாக்கில் நாம் கொடுக்கும் காசு காஸ்தல்நோவைப் பார்த்ததற்கு. அது காஸ்தல்நோவுக்குப் போய்ச் சேர வேண்டிய காசு. காஸ்தல்நோவில் கொடுப்பது பேனாக்குக்குச் சேர வேண்டியது. காஸ்தல்நோவுக்கும் மார்கெசாக்குக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் விற்கிறார்கள். இந்த உண்மை யாருக்கோ புரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. எழுத்தாளர் ஹென்றி மில்லருக்கும் புரிந்திருந்தது. 1939-ல் கிரேக்கத்துக்குப் போகும் வழியில் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கினார். இந்தப் பக்கத்தைப் பற்றிச் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார். எங்கே எழுதினார்? கிரேக்கத்தைப் பற்றிய புத்தகத்தில். தோர்தோனைப் பார்க்க கிரேக்கம்வரை போய் நின்றிருக்கிறார், வியூ பாயிண்ட் என்றால் அது!

இந்தக் கொள்கையை நான் பேனாக்கில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை, தோமின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெல்ஜியத் தம்பதியிடம் ஒரு தடவை, ராத்திரி சாப்பிடும்போது ஒரு தடவை விளக்கினேன். "இன்னொரு தரம் இதச் சொன்னீங்க, நான் பாரிஸுக்கு ரயிலேறிடுவேன்" என்றாள் மனைவி. பையன் தட்டைப் பார்த்தபடி சிரித்தான். அவனுக்குள் ஒரு பச்சை டிக் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிரதேசத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை. இரண்டேகாலுக்குப் போய் நின்றால் பசி என்பது ஓர் ஒழுக்கக்கேடு என்ற பாவனையில் பார்க்கிறார்கள். அடுப்பை அணைத்தாயிற்று, போய்விட்டு ஏழு மணிக்கு வா. அப்படியே நேரத்துக்குப் போனாலும் என் மனைவி சைவம். அங்கே எல்லாமே வாத்து. வாத்துத் தொடை, வாத்து நெஞ்சு, வாத்து ஈரல், சாலட்டின் மேல் வாத்தின் இரைப்பை. கடைசியில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. சார்லா ஊர் உருளைக்கிழங்கு, பூண்டும் பார்ஸ்லியும் தூவி, பொன் முறுவலாக, வாசம் தெருவரை வந்தது. வெறும் உருளைக்கிழங்குதானே என்று கேட்டு வாங்கி, முதல் துண்டு வாய்க்குப் போகும் நேரத்தில் பையன் ஓடிவந்து கையைப் பிடித்தான். அதை வறுப்பதே வாத்துக் கொழுப்பில். அதுதான் அந்த ஊர் உருளைக்கிழங்கின் பெருமையாம். அன்றைக்கு அவள் சாப்பிட்டது வால்நட் கேக். மறுநாளும் வால்நட் கேக். பாரிஸில் லா ஷப்பெல் கடைத்தெருவில் ஈழத்துக்காரர் கடையில் வாங்கிவந்த இடியாப்ப மாவும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் தொனி இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.

அடுத்து லாஸ்கோ.

லாஸ்கோ பக்கத்துப் பள்ளத்தாக்கு, வேசேர் ஆற்றங்கரை. 1940 செப்டம்பர் 12-ல் நாலு பையன்கள் ஒரு பொந்துக்குள் இறங்கி, ஏறக்குறைய 17,000 வருஷத்துக்கு முந்தைய எருதுகளையும் குதிரைகளையும் சுவர் முழுக்கக் கண்டார்கள். போர் முடிந்ததும் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போய், ஆகா ஆகா என்று மூச்சு விட்டார்கள். அந்த மூச்சிலேயே சுவரில் பாசி பிடித்தது. 1963-ல் கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையைப் பூட்டிவிட்டார். அதிலிருந்து பார்ப்பதற்கு நகல்தான். 1983-ல் ஒரு நகல் செய்து குகைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். 2016-ல் குன்றின் அடிவாரத்தில் இன்னும் பெரிய, இன்னும் துல்லியமான நகல். உள்ளே குளிர்கிறது, இருட்டு, பாறையின் மேடுபள்ளம்கூட அப்படியே. நான் வாய் பிளந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கருப்பு எருதின் கொம்பை வளைத்தவன் யாரோ, அவன் எந்த வியூ பாயிண்டுக்கும் போகாதவன். விலங்கைக் கிட்டத்தில் பார்த்தவன்.

ஆனாலும் வெளியே வந்தபோது மனசு உறுத்தியது. "நிஜ குகை எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். மேலே குன்றைக் காட்டினான். மரங்கள் தெரிந்தன. பட்டியலில் 'லாஸ்கோ' என்ற பெயருக்கு நேரே டிங் அடித்தது. நகலுக்கு டிக் போடலாமா என்று வழக்குப் பேசினேன். "மாமா, எல்லாருமே இதத்தான் பாக்கறாங்க" என்றான். பதினேழாயிரம் வருஷம் கெடாமல் இருந்ததை, பார்க்கப் போனவர்கள் பதினைந்தே வருஷத்தில் மூச்சு விட்டே கெடுத்தார்கள். இந்த ஒன்றைச் சொன்னால் சகலை மாதிரி ஆட்கள் கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டும். மாட்டார்கள். "நகலா? அப்ப நிஜத்தப் பாக்கலையா?" என்பார்கள்.

மால்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நகரங்களை இடிக்காமல் காப்பதற்கு 1962-ல் வந்த சட்டம் அவர் பெயரால்தான் சொல்லப்படுகிறது. நாங்கள் தங்கிய சார்லா அதனால் பிழைத்த ஊர்களில் ஒன்று. தேன் நிறக் கல்வீடுகள், கூம்புக் கூரைகள், மூலைக்கு மூலை வாத்து ஈரல் கடை. அங்கே செயின்ட் மேரி சர்ச்சை ழான் நுவேல் என்ற கட்டடக் கலைஞர் கூரையுள்ள சந்தையாக மாற்றி, மணிக்கூண்டுக்குள் கண்ணாடி லிஃப்ட் வைத்திருக்கிறார். ஏறினால் ஊரே தெரியும். எது தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. மனைவி ரயிலேறிவிடுவாள்.

மிலாந்து மாளிகையில் மட்டும் எனக்கு வாய் எழவில்லை. அமெரிக்கக் கருப்பினப் பெண், பாரிஸைக் கலக்கிய நடனக்காரி, போரில் பிரான்ஸுக்காக ரகசியம் சுமந்தவர், ஜோசஃபின் பேக்கர். 1947-ல் அந்த மாளிகையை வாங்கி, பல தேசங்களில் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து அங்கே வளர்த்தார். கடன் மூழ்கடித்தது. 1969-ல் வெளியேற்றினார்கள். சமையலறை வாசல் படியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய புகைப்படம் இருக்கிறது. 2021-ல் பாரிஸ் பாந்தியோனில் அவரைப் பெருமைப்படுத்தினார்கள். அறை அறையாக அவருடைய மேடை உடைகளை வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். பையன் போனை எடுத்தான், அத்தையின் முகத்தைப் பார்த்தான், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதனால்தான் அவனைத் தங்கமான பையன் என்கிறேன்.

கடைசியாகப் படகு. படகென்றால் நாமே துடுப்புப் போடும் கனோ. ஒரு வேனில் ஏற்றி ஆற்றின் மேற்புறம் கொண்டுபோய் இறக்கி, லைஃப் ஜாக்கெட்டும் துடுப்பும் கொடுத்து, செல்போன் பர்ஸ் எல்லாம் போட ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் கொடுத்து, "ஆற்றோடு போங்கள், கீழே பேனாக்கில் பிடித்துக்கொள்கிறோம்" என்று தள்ளிவிடுகிறார்கள். மலைப் பக்கம் மின்சாரத்துக்காக வரிசையாக அணைகள் கட்டியிருப்பதால் கோடையில் ஆறு சாதுவாகப் போகிறது. பல இடங்களில் முழங்கால் ஆழம், அடியில் கூழாங்கல் எண்ணலாம். பையன் தனிப் படகில். எங்கள் படகில் முன்னால் மனைவி, பின்னால் நான். கணவன் மனைவியை ஒரே கனோவில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நாட்டில் ஏன் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்குவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அவள் இடது என்றால் அவளுக்கு இடதா, துடுப்புக்கு இடதா, போக வேண்டிய இடதா என்று தெளிவதற்குள் படகு ஒரு வட்டம் அடித்து மணல்திட்டில் ஏறிவிடும். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாத்துக் குடும்பமும் முந்திக்கொண்டு போனது. வாத்துக்கு அங்கே ஆற்றிலாவது நிம்மதி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஆற்றிலிருந்து பார்த்தால், உண்மையைச் சொல்ல வேண்டும், எல்லாமே தெரிகிறது. லா ரோக்-கஜாக் மெல்ல வந்து மெல்லப் போகிறது. வளைவு திரும்பினால் காஸ்தல்நோ, இன்னொரு வளைவில் மார்கெசாக் முகடு, அப்புறம் பேனாக். என் கொள்கைக்கு இது பெரிய பின்னடைவு. அதைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். காஸ்தல்நோ மதில்மேல் வரிசையாக நின்றவர்கள் கேமராவைக் கீழே திருப்பி எங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு மணல்திட்டில் சிக்கி நிற்கும் தமிழ்த் தம்பதி அவர்களுக்கு வியூ ஆகிவிட்டது. எங்களை எங்களுக்குத் தெரியவில்லை. கொள்கை பிழைத்தது. திரும்பி மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன், அவள் துடுப்பை ஓங்கினாள்.

பேனாக்குக்கு முன்னால் ஆற்றின் நடுவே மொட்டையாகச் சில கான்கிரீட் தூண்கள் நின்றன. கிராமத்துக்குள் புகும் நெரிசலைத் தவிர்க்கப் புறவழிச்சாலை போட ஆரம்பித்தார்கள். இயற்கையும் பழைமையும் கெடும் என்று எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. அடுத்த வருஷம் கட்டியதை இடிக்கச் சொல்லியும் தீர்ப்பு வந்தது. நாங்கள் போனபோது தூண்கள் அப்படியே இருந்தன. அவை எந்தப் பட்டியலிலும் இல்லை, டிக்கெட் இல்லை, பார்க்கிங் இல்லை. நான் அந்தப் பயணத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிட்டத்தில் முழுசாகப் பார்த்தது அந்தத் தூண்களைத்தான்.

இப்போது வீட்டில் ஒரு தகராறு. போனில் கோட்டைப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. பாறை, மேலே கோபுரம், கீழே ஆறு. எல்லாவற்றிலும் அதேதான். அவற்றில் ஒன்றை மனைவி ஹாலில் மாட்டப் பெரிதாக்கச் சொன்னாள். அது பேனாக் என்கிறாள். பையன் வீடியோ காலில் பார்த்துவிட்டுக் காஸ்தல்நோ என்கிறான், நிழல் விழும் திசையை வைத்து நிரூபிக்கிறான். எனக்கென்னவோ அது இரண்டும் இல்லை, எதிரே இருக்கும் சின்னக் கோட்டை ஃபேராக் என்று படுகிறது. ஃப்ரேம் கடைக்காரர் கீழே பெயர் அச்சடிக்க வேண்டுமா என்று கேட்டார். சண்டை வேண்டாமென்று 'பிரான்ஸ்' என்று மட்டும் போடச் சொன்னேன். நேற்று போய் வாங்கினேன். தங்க எழுத்தில் 'பாரிஸ்' என்று போட்டிருக்கிறார். "அப்பத்தான் சார் வர்றவங்களுக்குப் புரியும்" என்றார். மாற்றித்தர முடியாதாம், லேமினேஷன் போட்டாயிற்றாம்.